பை ஆடினால் மெஷின் நிற்கும்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபது வருடமாக ஆஸ்திரேலியாவில் ஐசியூ நர்ஸ். அதில் பாதி டயாலிசிஸ் மெஷினோடு மல்லுக்கட்டியே போயிற்று. நாலு மணி நேரத்தில் முடித்து வீட்டுக்கு அனுப்புகிற டயாலிசிஸ் இல்லை இது. உயிருக்குப் போராடுகிறவரின் உடம்பு அந்த வேகத்தைத் தாங்காது. அதனால் இரவும் பகலும், நிற்காமல், மெதுவாக ரத்தத்தைச் சுத்தம் செய்யும். 'நிற்காமல்' என்பது விற்கிறவன் சொல்வது.

முதல் வரியை மூன்று தடவை எழுதினேன்.

'பிரிஸ்பேனுக்குத் தெற்கே வானம் அன்று' — வேண்டாம். ஐசியூவுக்குள் ஏது வானம்?

'மெஷின் ஒரு தாயைப்போல' — சீ! நிமிஷத்துக்கு ஒரு தடவை கத்துகிற சாமானைப் போய்.

'ஹெதருக்குத் தலை வலித்தது.' இது இருக்கட்டும்.

2

ஹெதர்தான் கதையின் நர்ஸ். பொறுமைசாலி. (இந்த வார்த்தை உறுத்துகிறது. பிறகு பார்ப்போம்.) அவள் பொறுப்பில் லெபெக்கா. நாற்பத்துமூன்று வயது, பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், பசிபிக் கடலில் இருக்கிற சமோவாத் தீவுக்காரர். காலில் வந்த புண்ணிலிருந்து ரத்தமெல்லாம் கிருமி பரவி, சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. பொட்டாசியம் ஏறிக்கொண்டே போனது. இறங்காவிட்டால் இதயம் நின்றுவிடும். இறக்குவதற்கு இருந்தது அந்த மெஷின்தான்.

மெஷினின் அடியில் நாலு கொக்கி, அவற்றில் மருந்தும் கழிவுநீருமாக நாலு பை. ஒவ்வொரு கொக்கியும் ஒரு தராசு. யாராவது இடித்துப் பை ஆடினால் 'எடை தப்பு' என்று கத்திவிட்டு நிற்கும். பொத்தானை அழுத்தினால் மறுபடி ஓடும்.*

மாலை ஆறு மணி. சமோவாக் குடும்பத்துக்கு ஜெப நேரம். பார்வையாளர் இரண்டு பேர் என்று பலகை சொல்கிறது. வந்தது ஏழு பேர். கட்டிலைச் சுற்றிக் கைகோத்து நின்று பாடினார்கள். லெபெக்காவின் கணவர் ஃபலனிக்கோ சர்ச் பாடகர் குழுவை நடத்துபவர். குரல் சுவரில் மோதித் திரும்பியது.

மெஷின் கத்தியது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பை ஆடுது" என்றாள் ஹெதர்.

"சரி சிஸ்டர், சரி" என்று அரையடி நகர்ந்தார்கள். பாட்டு நிற்கவில்லை. மெஷின் கத்தியது.

"என்ன சிஸ்டர், சுருதி சேரலேன்னா உங்க மெஷின் திட்டுமா?" என்றார் ஃபலனிக்கோவின் அக்கா. "எங்க தம்பியவிட மோசமால்ல இருக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். ஹெதரும் சிரித்தாள். மெஷின் கத்தியது.

* ஒரே சத்தம், பத்துக் காரணம். பை ஆடினாலும் அதே சத்தம். பையின் குழாயில் கிளாம்ப் மூடியிருந்தாலும் அதே சத்தம். இதை வடிவமைத்தவர் ஒரே ஒரு ஷிஃப்ட் எங்களோடு நின்று பார்க்கட்டும்.

3

ஹெதர் சிரித்திருக்க மாட்டாள். பத்து மணி நேரம் நின்ற கால். மதியச் சாப்பாடு ஃபிரிட்ஜிலேயே கிடக்கிறது. சிரிப்பாளா? அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

ஹெதர் கத்தினாள். "வெளிய போங்க! எல்லாரும்! நீங்க பாடிப் பாடியே அவங்கள—"

அந்த வாக்கியத்தை ஹெதர் முடிக்கவில்லை. ஆனால் முடிவு என்னவென்று எல்லாருக்கும் புரிந்தது. ஃபலனிக்கோ மனைவியின் நெற்றியைத் தொட்டுவிட்டுத் தலைகுனிந்து போனார். பாட்டு மூன்றாவது அடியில் நின்றது.

அறை காலி. மெஷின் கத்தியது.

இதற்குமேல் ஹெதரை வைத்துக்கொண்டு எழுத முடியவில்லை. ஹெதர் என்று ஒருத்தியும் இல்லை. நான்தான்.

ஆறு மணிக்குச் சற்று முன்னால் ஒரு பையை மாற்றியிருந்தேன். மெஷினுக்குள் ரத்தம் உறையாமல் இருக்க ஓடுகிற மருந்து அதில்தான். மாற்றிவிட்டுக் கிளாம்ப்பைத் திறக்கவில்லை. கத்தியபோதெல்லாம் இவர்கள்தான் இடிக்கிறார்கள் என்று பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். ஒரு தடவையாவது குனிந்து பார்த்தேனா? பார்த்தபோது ரத்தத்தைச் சுத்தம் செய்கிற வடிகட்டி முழுக்க உறைந்து கருத்துப்போயிருந்தது. உள்ளே இருந்த லெபெக்காவின் ரத்தத்தைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை; அப்படியே குப்பையில் போட்டேன். புதிதாகக் குழாய் கோத்து ஓட்ட ஒரு மணி நேரம் ஆயிற்று. ஐந்தைத் தாண்டக் கூடாத பொட்டாசியம் ஆறு புள்ளி ஒன்பதுக்குப் போயிருந்தது.

படிவத்தில் 'நின்றதற்குக் காரணம்' என்று ஒரு கட்டம். 'உறவினர் இடித்ததால்' என்று எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டேன்.

4

வாசகருக்குத் தேர்ந்தெடுக்க இரண்டு முடிவுகள்:

அ. லெபெக்கா பிழைத்து, மறுபடி பேருந்து ஓட்டி, ஒருநாள் என்னைப் பார்த்து ஹாரன் அடிக்

ஆ. நான் அன்றே ஃபலனிக்கோவிடம்

இரண்டும் பொய். என்னால் முடிக்க முடியவில்லை, மன்னியுங்கள். லெபெக்கா இரண்டு நாள் கழித்து இறந்தார். "அந்த ஒரு மணி நேரத்தாலயா?" என்று டாக்டரைக் கேட்டேன். "இல்ல, கிருமிதான். ஏழு பேரு நின்னா மெஷின் என்ன பண்ணும்?" என்றார். அவர் படித்தது என் படிவத்தை.

5

அடக்கம் முடிந்த அடுத்த வாரம் ஃபலனிக்கோ ஐசியூவுக்கு வந்தார். கையில் பெரிய தட்டு நிறையத் தேங்காய்ப்பால் பன். எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மன்னிச்சிருங்க சிஸ்டர். நீங்க சொல்லிக்கிட்டேதான் இருந்தீங்க. நாங்கதான் கேக்கல. அவ மெஷின நிறுத்துனது என் பாட்டுதான்."

"பரவால்லைங்க" என்றேன்.

பரவாயில்லையாம்! அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"குழுவ அக்காகிட்ட குடுத்துட்டேன். இனிமே வாய தொறக்க மாட்டேன்" என்றார்.

பன் ஒன்றைத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

அவருடைய தொலைபேசி எண் என்னிடம் இருக்கிறது. வீடு எட்டு நிமிஷத் தூரம். முடிவை எழுத வேண்டுமானால் போய்ச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நான் போகவில்லை. எழுதத்தான் செய்தேன், அதையும் தமிழில் எழுதினேன். ஏன் என்று உங்களுக்கே தெரியும். ஃபலனிக்கோவால் இதில் ஒரு எழுத்தையும் படிக்க முடியாது.