தாம்பரம் வரைக்கும்தான்

வாசலில் செருப்பைக் கழற்றியதும் என் வீட்டுக்காரர் தனசேகர் என் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதிக் காட்ட வேண்டும். குடியை விட்டுவிட்டேன் என்று அவர் சத்தியம் செய்த அன்று நான் போட்ட சட்டம் அது. தொண்ணூற்றேழு நாளாக ஊதுகிறார், நானும் முகர்ந்து பார்க்கிறேன். ஒரு நாள் வாடை வந்தாலும் மகள் ஓவியாவைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். துணிப்பை கட்டிலுக்கடியில் தயாராக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பேண்ட்டைத் துவைக்க எடுத்தால் பாக்கெட்டில் ரயில் சீசன் டிக்கெட். கிண்டியிலிருந்து தாம்பரம் வரைக்கும்தான் போட்டிருந்தது. நாங்கள் இறங்குகிற ஸ்டேஷன் அதற்கு அடுத்த பெருங்களத்தூர். எனக்குத் திக்கென்றது. மூன்று மாதமாக "வண்டி லேட்டு, வண்டி லேட்டு" என்று முக்கால் மணி நேரம் கழித்து வருகிற மனுஷன், தாம்பரத்தில் யாரைப் பார்க்க இறங்குகிறார்? வேறு யார், ஹேமநாத்! கூடவே குடித்துக் கும்மாளம் போட்ட அந்தப் புண்ணியவான் வீடு அங்கேதான்.

மறுநாள் சாயங்காலம் ஓவியாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டருகே துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு நின்றேன். ஆறு இருபதுக்கு இறங்கினார். பின்னாலேயே போனேன். ஹேமநாத் தெரு வந்தது. இதோ திரும்பப் போகிறார், மாட்டினார் என்று நினைத்தேன். திரும்பவில்லை. ஜிஎஸ்டி ரோட்டோடு நேரே நடந்தார். இரும்புலியூரில் தள்ளுவண்டியில் வறுத்த கடலை வாங்கினார். சரிதான், தொட்டுக்கொள்ள வாங்கியாகிவிட்டது, சரக்கு எங்கே இருக்கிறதோ என்று பல்லைக் கடித்தேன். முட்டி வலியில் உயிர் போனது. அவரோ கடலையைக் கொறித்தபடி, ஆடி அசைந்து, பீர்க்கன்கரணை ஏரிப்பக்கம் திரும்பி, பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"எங்க போய்ட்டு வர்ற?" என்றார், பின்னாலேயே வந்து சேர்ந்த என்னிடம்.

"கடைக்கு." என் கையில் பை இல்லை.

அவர் சிரிக்கவில்லை. "பெருங்களத்தூர்ல எறங்குனா ஸ்டேஷன் வாசல்லயே ஒயின் ஷாப்பு. கால் தானா திரும்பிடும் சரிதா. டிக்கெட்டு இல்லன்னா எறங்க பயமா இருக்கும்ல. அதான் தாம்பரம் வரைக்கும் எடுத்தேன். உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

இந்த மனுஷனையா சந்தேகப்பட்டோம் என்று கூசிப்போனேன்.

"முட்டிக்குத் தைலம் போடு. நொண்டிகினே வந்த. அதான் நானும் மெதுவா நடந்தேன்."

"என்னை எப்ப பாத்தீங்க?"

"ஸ்டேஷன் படிக்கட்டுலயே."

உருகிய மனசு அப்படியே நின்றது. நான் வருவது தெரிந்துதான் நடந்தாரா? அப்படியென்றால் நேற்றைக்கு முன்தினம் எப்படி வந்தார்? அதற்கு முன்பு?

கதவைத் திறந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, நான் கேட்காமலே வாயைத் திறந்து ஊதினார். கடலை வாசனைதான் வந்தது. பல்லிடுக்கில் சிவப்பாகத் தோல் ஒன்று ஒட்டியிருந்தது.

"இன்னொரு வாட்டி," என்றேன்.

அவர் என்னையே பார்த்தபடி மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டார்.