பெட்ரோல் போட்டால் அடம்பிடிக்கும் கார்

"அந்த வண்டி திரும்ப வந்திருச்சுக்கா," என்றாள் சின்னவள், குரலை இறக்கி. பெரியவள் வேறொரு காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். வாசலில் வந்து நின்ற டயர்களைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. போன வாரம் நான்கு பிளக்கையும் மாற்றி, "இனிமே பறக்கும் பாருங்க" என்று வாய் நிறையச் சொல்லி அனுப்பிய வாடகைக் கார். அனுப்பிய வண்டி திரும்பி வருவது இந்த ஒர்க்‌ஷாப்புக்குப் பழக்கமில்லாத விஷயம்.

இருவரும் ஓரகத்திகள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள். ஒரு சமையலறைக்குள் இரண்டு பேரும் நின்றால் பாத்திரம் பறக்கும், அதனால்தான் ஒர்க்‌ஷாப் வைத்தார்கள் என்று புருஷன்மார் இருவரும் சேர்ந்து கிண்டலடிப்பார்கள். பெரியவளுக்குக் கை வேலை, சின்னவளுக்கு வாய் வேலை. வருகிற வாடிக்கையாளரை உட்காரவைத்து, "எங்கக்கா மோந்து பாத்தே சொல்லிருவாங்க, மெஷின் எல்லாம் அப்புறம்தான்" என்று ஆரம்பித்தால், வந்தவர் மெஷினையே மறந்துவிடுவார். அதில் பொய்யும் கிடையாது. பானெட்டைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தாள் என்றால் ஆயில் தீய்கிறதா, ஒயர் கருகுகிறதா என்று பெரியவள் புட்டுப் புட்டு வைப்பாள்.

வைப்பாள் என்பதை வைத்தாள் என்று மாற்றிச் சொல்ல வேண்டும். நாலு மாதத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது அவள் மூக்கில் இருந்த வாசனையை எல்லாம் வழித்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறியபோது பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் அவளுக்கே விளங்கியது. யாரிடமும் சொல்லவில்லை, கட்டியவனிடம்கூட. வெளியே தெரிந்தால் யார் வருவார்கள் என்ற பயம். வண்டி வந்தால் வழக்கம்போல மூக்கை நீட்டி இழுத்தாள். மற்றதைக் கண்ணும் காதும் கையும் பார்த்துக்கொண்டன. நாலு மாதத்தில் ஒன்றுகூடத் தப்பவில்லை, இந்தக் காரைத் தவிர.

"என்ன தம்பி, என்ன பண்ணுது?" என்று கையைத் துடைத்தபடி எழுந்து வந்தாள்.

டிரைவர் பொறுமையான ஆள். இன்றைக்கு அந்தப் பொறுமை கொஞ்சம் கிழிந்திருந்தது. "பெட்ரோல் போட்டா மட்டும் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுக்கா. பங்க்ல பத்து தடவ சாவியத் திருப்பணும். பின்னாடி நிக்கிறவன்லாம் ஹாரன் அடிச்சே கொல்றான். உள்ள ஒரே பெட்ரோல் நாத்தம் வேற. வீட்டுக்காரிக்கு இது எட்டாம் மாசம். ஏறி உக்காந்தாலே வாந்தி. வலி வந்தா இதுலதானே கூட்டிட்டுப் போகணும்?"

"பெட்ரோல் போட்டா மட்டுமா? இத போன வாரமே சொல்லிருக்கலாமே."

"நீங்க கேக்கலையேக்கா. மோந்து பாத்துட்டு, வாடையே இல்ல, பிளக்தான்னு சொல்லிட்டீங்க."

சுருக்கென்றது. ஆனால் வேலை என்று வந்தால் பெரியவளுக்கு வருத்தப்பட நேரம் கிடையாது. பெட்ரோல் போட்டால் மட்டும் என்ற ஒரு வார்த்தை போதும், பாதி நோய் பிடிபட்டுவிட்டது. டேங்கில் கிளம்பும் ஆவியை ஒரு கரி டப்பா பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது அந்த ஆவியை எஞ்சினுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுவது பர்ஜ் வால்வு. மற்ற நேரம் அது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடாமல் போனால், டேங்க் நிரம்புகிறபோது எழும் ஆவி முழுக்க எஞ்சினுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். மூச்சுத் திணறுகிறவனை ஓடு என்றால் எப்படி ஓடுவான்?

அது எங்கே இருக்கிறது என்பதில்தான் ஒவ்வொரு காரும் கண்ணாமூச்சி ஆடும். பெரியவள் பின்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய ஹோஸை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். அது பேட்டரிக்குப் பின்னால் நுழைந்து, காற்றுக் குழாய்க்கு அடியில் பதுங்கி, கட்டை விரல் பருமனில் ஒரு கறுப்பு உருளையில் முடிந்தது. எஞ்சினை ஓடவிட்டு, உருளையின் ஒயரைக் கழற்றினாள். ஒயர் இல்லாவிட்டால் வால்வு மூடியே இருக்க வேண்டும். ஹோஸை உருவிவிட்டு வால்வின் வாயில் விரலை வைத்தாள். விரலைப் பிடித்து உள்ளே இழுத்தது.

"மாட்டிக்கிட்டான்," என்றாள். அந்தச் சந்தோஷத்தில் மூக்கின் ஞாபகமே வரவில்லை.

சின்னவள் ஸ்கூட்டரில் போய்ப் புது வால்வு வாங்கி வந்தாள். ஒரு போல்ட், இரண்டு ஹோஸ், ஒரு ஒயர், கழற்றி மாட்ட வேண்டியது அவ்வளவுதான். வால்வின் மேலுள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்க்கிறதா என்று பெரியவள் இரண்டு முறை சரிபார்த்து மாட்டி, வண்டியை ஓடவிட்டாள். பூனை மாதிரி ஓடியது. டிரைவரின் முகம் தெளிய ஆரம்பித்தது.

பில் புத்தகத்தோடு வந்த சின்னவள் பானெட்டுக்கு நாலடி முன்னாலேயே நின்றாள். "அக்கா, குப்புன்னு அடிக்குதே பெட்ரோல்! உங்களுக்குத் தெரியல?"

சொல்வதற்குப் பொய் தயாராகத்தான் இருந்தது. புது வால்வு, கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும், தானாகப் போய்விடும். நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. எதிரே டிரைவர் நின்றுகொண்டிருந்தான். பெரியவள் ஜன்னல் வழியாகக் கையை விட்டு எஞ்சினை அணைத்தாள்.

"தெரியலடி. எனக்கு வாசனை தெரிஞ்சு நாலு மாசமாச்சு. தம்பி, போன வாரம் மோந்து பாத்த மாதிரி நடிச்சேன். அந்த பிளக் மாத்துனது வேண்டாத வேல. அந்தக் காச வாங்கிட்டுப் போங்க."

சின்னவளுக்கு வாய் அடைத்துப்போனது, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல் தடவையாக. "அப்போ அன்னைக்குப் பால்..." என்று இழுத்தாள். அன்று பெரியவளை என்னென்ன திட்டினோம் என்று நினைத்தாளோ என்னவோ, கண் கலங்கிவிட்டது. பில் புத்தகத்தைத் தரையில் போட்டுவிட்டுப் புடவையை இடுப்பில் செருகினாள்.

"தள்ளுங்கக்கா."

தலையை எஞ்சினுக்குள் விட்டாள். "இங்க இல்ல. இன்னும் கீழ. கொஞ்சம் இந்தப் பக்கம். இங்கதான், இங்கதான்!" பெரியவளின் விரல் அவள் மூக்கு போன வழியே போய், வால்வுக்கு ஆவி கொண்டுவரும் ஹோஸின் அடிப்பக்கத்தைத் தடவியது. மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. அந்த ஹோஸையும் மாற்றினார்கள்.

"பங்குக்குப் போய் நிரப்பிப் பாக்கலாமா?" என்றான் டிரைவர். மன்னித்தானா இல்லையா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்று பேரும் போனார்கள். டேங்க் வழிய நிரப்பியாயிற்று. ஒரே திருப்பு, எஞ்சின் பிடித்துக்கொண்டது. பங்கைத் தாண்டி ஓரமாக நிறுத்தி, உள்ளே இன்னும் வாடை வருகிறதா என்று பார்க்க ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டார்கள். அவன் மனைவி உட்காரும் பின் சீட்டில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். முன்னால் இருந்த இருவரும் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அவளையே பார்த்தார்கள். இத்தனை வருஷமாகத் தன் முகத்தைப் பார்த்து ஆட்கள் இப்படித்தான் தவித்து நின்றிருப்பார்கள் என்று பெரியவள் நினைத்தாள். சின்னவள் கண்ணை மூடி, கை இரண்டையும் மடியில் வைத்து, நிதானமாக மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள்.