பச்சை ஜன்னல் வீட்டில் ஓர் ஆபீஸ்

"உன் ஆபீஸை இங்கே கொண்டு வந்துடேன்."

"எங்கே அத்தை?"

"எங்கேன்னா? கீழ் ஹால்ல, முன்னறையில, மாடியில. நான் ஒருத்தி எத்தனை நாற்காலியில மாறி மாறி உக்காருவேன்?"

"இது உங்க வீடு அத்தை."

"அதனாலதானே நான் சொல்றேன். எதிர்வீட்டுக்காரர் சொன்னாத்தான் தப்பு."

"அப்போ நீங்க?"

"உங்க ஃபிளாட்டுக்கு வந்துடறேன். எல்லாரும் ஓய்வு எடு, ஓய்வு எடுன்னு சொல்றாங்களே, அது எப்படித்தான் இருக்குன்னு எடுத்துப் பார்க்கறேன். பிடிக்கலைன்னா திருப்பிக் குடுத்துடறேன்."

மாமனார் காலமாகி ஓராண்டு ஆகியிருந்தது. அன்று மாலைதான் எங்கள் ஆபீஸ் இருந்த கட்டடத்தை இடிக்கப்போவதாக அதன் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். என்ன ஏது என்று முழுதாகக் கேட்பதற்குள்ளேயே அத்தை வீட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

எங்களுடையது சின்ன நிறுவனம். பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைந்து, பக்கங்களை அமைத்துக் கொடுப்போம். எங்களிடம் இருப்பவர்கள் எல்லாரும் அருமையாக வரைவார்கள். ஆனால் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போக மாட்டார்கள். பதிப்பாளர்கள் எந்தத் தேதியைக் கேட்டாலும் நான் சரி என்று தலையாட்டிவிடுவேன். அப்புறம் எல்லாரும் என்னை முறைப்பார்கள்.

அத்தையைத் தெருவில் எல்லாரும் 'ஜட்ஜம்மா' என்றுதான் சொல்வார்கள். தண்ணீர்க் குழாய்ச் சண்டை முதல் விவாகரத்துப் பேச்சு வரை அந்த வீட்டு வாசலுக்கு வராத வழக்கு இல்லை. அவர் தீர்ப்புச் சொல்லி நான் கேட்டதே கிடையாது. இரண்டு கேள்வி கேட்பார், வந்தவர்களே தீர்ப்பைச் சொல்லிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆகவே அன்று மாலையே, "ஃபிளாட்டெல்லாம் வேண்டாம் அத்தை, நீங்களும் ஆபீஸுக்கு வாங்க, வந்து எங்களை நடத்துங்க" என்று கேட்க வேண்டும் போல இருந்தது. வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன். வீட்டையே கொடுக்கிறவரிடம், கூடவே வந்து வேலையும் பாருங்கள் என்று எந்த மருமகள் கேட்பாள்? இரவு சாப்பிடும்போது என் கணவரிடம் மெல்ல ஆரம்பித்தேன். அவர் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். எதையும் விசில் ஊதித்தான் முடிப்பார்.

"அம்மாவை உன்கிட்ட வேலைக்கு வைக்கப் போறியா? சொந்தக்காரங்க என்னைத்தான் உதைப்பாங்க. பேசாம இரு."

பேசாமல் இருந்தேன். ஆனால் ஆசை பேசாமல் இருக்கவில்லை.

வீடு கொடுத்ததும் ஆபீஸ் வந்துவிடாது என்பது நகரத் திட்ட அலுவலகத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது. அந்தத் தெரு குடியிருப்புக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டது. ஆபீஸ் நடத்தப் பயன்பாட்டு மாற்ற அனுமதி வேண்டும். அதோடு வீடு பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடங்களில் ஒன்று. உள்ளே நுழைந்ததும் கறுப்பும் வெள்ளையுமாகத் தரை. ஹாலின் நடுவிலிருந்து எழும்பி, வட்ட ஜன்னலுக்கு அடியில் திரும்பி மேலே போகும் மரப்படி. தெருப் பக்கம் வரிசையாகப் பச்சைப் பலகை ஜன்னல்கள். படியின் கைப்பிடியில் எங்கே தடவினாலும் ஒட்டுப்போட்ட இடம் கைக்குத் தட்டுப்படாது. இதில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் கேட்டுவிட்டுத்தான் அடிக்க வேண்டும். முதலில் ஆய்வாளர் வந்து பார்ப்பார், அக்கம்பக்கத்தாரின் ஆட்சேபங்களைக் கேட்பார்கள், பிறகு குழு முடிவு செய்யும். அனுமதி கிடைக்காவிட்டால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை. வேறு இடத்து வாடகை எங்கள் கைக்கு எட்டாது. கடையைக் கட்ட வேண்டியதுதான்.

ஆய்வாளர் வரும் நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின நாள் நான் பதிப்பாளர் ஒருவரிடம் மாட்டிக்கொண்டேன். அத்தை தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். அந்த இடைவெளியில்தான் என் கணவர் அந்தக் காரியத்தைச் செய்தார்.

மறுநாள் காலை ஆய்வாளர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். நானும் பார்த்தேன். கீழ்வரிசை ஜன்னல்கள் அத்தனையும் பளபளவென்று வெள்ளை வெளேர்.

"இது எப்போ அடிச்சது?" என்றார் ஆய்வாளர்.

"நேத்துதான் சார்!" என்றார் என் கணவர், பரிசு வாங்கப்போகிற முகத்தோடு. "நீங்க வர்றீங்கன்னுதான். இன்னும் ஈரம், தொட்டுடாதீங்க."

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். பாதுகாக்கப்பட்ட முகப்பை அனுமதியில்லாமல் மாற்றியிருக்கிறோம். அதை எழுதினால் மனு அங்கேயே படுத்துவிடும். என் கணவருக்கு விஷயம் புரிந்தபோது காது மடல் சிவந்துபோயிற்று. 

அப்போதுதான் தங்கை வீட்டிலிருந்து திரும்பிய அத்தை வாசலுக்கு வந்தார். ஜன்னலைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், கடைசியில் பேனாவைப் பார்த்தார்.

"எழுதுங்க சார், தப்பு எங்க பேர்லதான். சின்ன வயசுல இவனுக்கு நான் ஒரு பழக்கம் பண்ணிட்டேன். வீட்டுக்கு யார் வந்தாலும் முகம் கழுவிட்டு வாடான்னு துரத்துவேன். இப்போ வீட்டுக்கே கழுவி விட்டுட்டான்."

ஆய்வாளர் சிரிக்கக் கூடாது என்று முயன்று தோற்றுப்போனார்.

"என்ன செஞ்சா சரியாகும்? அதை மட்டும் சொல்லுங்க. முடியாதுன்னா முடியாதுன்னு நானே சொல்லிடறேன்" என்றார் அத்தை.

ஆய்வாளர் சொன்னார். நெருப்புக் காட்டக் கூடாது. இயந்திரம் வைத்துத் தேய்க்கக் கூடாது. பூச்சைக் கையால் மென்மையாகச் சுரண்டி, அடியிலிருக்கும் பழைய பச்சைக்குச் சேதமில்லாமல் எடுக்க வேண்டும். முதலில் ஒரே ஒரு பலகையைச் செய்து அவரிடம் காட்ட வேண்டும். திருப்தியாக இருந்தால், நடந்ததையும் சரிசெய்ததையும் சேர்த்தே எழுதுவார்.

"நல்லது. அப்படியே படியையும் பார்த்துட்டுப் போங்க. அதுக்கு இவன் இன்னும் முகம் கழுவலை" என்று அவரை உள்ளே அழைத்துப் போனார் அத்தை.

முதல் பலகையை நானே சுரண்டிக் காட்டி ஆய்வாளரின் சம்மதத்தை வாங்கினேன். அந்த வாரக் கடைசியில் எங்கள் ஆபீஸே திரண்டு வந்தது. நுணுக்கமாகக் கை ஓடுகிறவர்கள், சுரண்டத் தெரியாதா என்ன? நான் ஆளுக்கொரு ஜன்னல் என்று பிரிக்கப் போனேன். அத்தை என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் எல்லாரையும் வேடிக்கை பார்த்தார்.

"அந்த ரெண்டு பேருக்கும் என்ன தகராறு?"

எங்கள் மூத்த ஓவியர்கள் இருவரைக் காட்டிக் கேட்டார் அத்தை. ஒருவருக்குப் 'பறவை' என்று பெயர், பறவை படமென்றால் அவர்தான். இன்னொருவர் 'மேப்பு', நிலப்படம் வரைகிறவர். ஒரு புத்தக அட்டையில் யார் பெயர் முதலில் வருவது என்ற சண்டையில் இருவரும் பல மாதங்களாகப் பேசுவதில்லை. அவர்களுக்கிடையே செய்தி கொண்டுபோய்க் கொண்டுவருவதே என் பாதி வேலை.

அத்தை இருவரையும் கூப்பிட்டு ஒரே ஜன்னல் கதவின் இரண்டு பக்கமும் நிறுத்தினார், ஒருவர் தெருவில், ஒருவர் முன்னறையில். பலகைகள் தனித்தனியாகத் திரும்புகிற கதவு அது. ஒரு பக்கம் பிடித்துக்கொண்டால்தான் மறுபக்கம் சுரண்ட முடியும்.

முதல் அரை மணி நேரம் பலகையைத் தட்டித்தான் ஒருவருக்கொருவர் சைகை காட்டினார்கள். பிறகு, "பிடிங்க." சற்றுப் பொறுத்து, "விடுங்க." அதற்கப்புறம், "யோவ், என் விரல்யா அது!"

"விரலா? நான் பெயிண்டுன்னு நினைச்சேன்."

"உமக்குக் காக்காவுக்கும் குயிலுக்குமே வித்தியாசம் தெரியாதே" என்றார் பறவை.

மதியம் இருவரும் ஒரே தட்டில் வைத்துச் சாப்பிட்டார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நான் மாதக்கணக்காக மன்றாடியும் நடக்காததை, இந்த மனுஷி ஒரு ஜன்னல் கதவை வைத்து முடித்துவிட்டார். அவரோ பழைய பச்சை சேதமில்லாமல் வெளியே வருகிறதா என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

'இப்போ கேளு' என்றது மனசு. பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல அத்தை. காபி போடட்டுமா?"

"போடு. வெறும் காபிக்கா இவ்வளவு நேரம் நின்னே?"

முடிந்த ஜன்னல்களைப் பார்த்த ஆய்வாளர் தலையசைத்தார். அடுத்த இடி எதிர்வீட்டிலிருந்து வந்தது. அங்கே ஒரு பல் டாக்டர் இருந்தார். ஆட்சேபம் தெரிவித்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் ஊருக்கே சேர்த்துத் தெரிவித்திருந்தார். நானும் அத்தையும் அவரைப் பார்க்கப் போனோம்.

"ஆபீஸ் வந்தா கார் வரும். கார் வந்தா என் கேட்டை மறைக்கும். அவசரத்துக்கு நான் எப்படிம்மா வெளியே போவேன்?" என்று அவர் குதித்தார்.

ஆபீஸில் ஒரே ஒருத்தரிடம்தான் கார் இருக்கிறது, மற்றவர்கள் பஸ்ஸில் வருகிறவர்கள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அத்தை என் புடவைத் தலைப்பை மெதுவாக இழுத்தார். 

"நியாயம்தான் டாக்டர். எங்கே நிக்கக் கூடாதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? கொஞ்சம் வெளியே வந்து காட்டுங்களேன்."

டாக்டர் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்கு வந்தார். சாக்குக்கட்டி வாங்கித் தன் கேட்டுக்கு இருபுறமும் கோடு போட்டார். கொஞ்சம் தள்ளிப் போய் நின்று யோசித்தார். திரும்பி வந்து ஒரு கோட்டை அழித்துச் சிறிதாக்கினார்.

"இவ்வளவு வேண்டாம். இது போதும். மீதி இடத்துல நிறுத்திக்கட்டும்."

"நீங்க சொன்னா சரி" என்றார் அத்தை.

வீட்டுக்குள் வந்ததும் கேட்டேன். "ஒரே ஒரு கார்தான்னு சொல்லியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்குமே அத்தை?"

"நாம சொன்னா அவர் நம்பணும். அவரே கோடு போட்டா அவர் காப்பாத்தணும். எது சுலபம்?"

குழு கூடிய அன்று டாக்டரும் வந்திருந்தார். ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதோடு, கோட்டுக்குள் யாரும் நிறுத்தக் கூடாது என்ற நிபந்தனையைத் தானே கண்டுபிடித்ததாக நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அத்தை ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். ஆய்வாளர் தன் அறிக்கையில் வெள்ளைப் பூச்சையும் மறைக்கவில்லை, அதை எடுத்த விதத்தையும் மறைக்கவில்லை. குழுத் தலைவி வெள்ளைத்தலை அம்மா. ஜன்னல்களின் படத்தை அருகில் வைத்துப் பார்த்தார்.

"இதைச் செஞ்ச கம்பெனி எது?"

"என் மருமக ஆபீஸ்ல படம் போடறவங்க மேடம்" என்றார் அத்தை. "படமும் நல்லாப் போடுவாங்க."

தலைவி சிரித்தார். பிறகு முடிவைச் சொன்னார். அனுமதி உண்டு. சுவர், படி, தரை எதையும் தொடக் கூடாது. முகப்பில் பெயர்ப்பலகை கூடாது. இன்னும் ஒன்று: இவ்வளவு பழைய கட்டடம் என்பதால், ஆபீஸ் நேரம் முழுக்க அங்கேயே இருந்து அதற்குப் பொறுப்பேற்கும் ஒருவரை இப்போதே குறிப்பிட வேண்டும்.

"யாரைப் போட்டுக்கலாம்?"

"என் மனைவியைப் போடுங்க" என்றார் என் கணவர், விசில் ஊதுகிற வேகத்தில்.

அத்தை கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தன் வேலை முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அவருடைய துணிப்பெட்டி ஒன்று ஏற்கெனவே எங்கள் ஃபிளாட்டுக்கு வந்துவிட்டிருந்தது. இந்தக் கதவு வழியே வெளியே போனால் அடுத்த பெட்டியும் வரும். அதன்பின் எங்கள் வீட்டு டி.வி. முன்னால் இந்த மனுஷி உட்கார்ந்திருப்பார். நான் பறவைக்கும் மேப்புக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பேன்.

எழுந்துவிட்டேன்.

"ஒரு நிமிஷம் மேடம். வெளியே போய் ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறோம்."

"என்ன இப்போ?" என்று என் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். நான் அத்தையின் கையைப் பிடித்து எழுப்பினேன். தாழ்வாரத்தில் ஒரு மர பெஞ்சு. யாரோ ஒருவர் தன் முறைக்காகத் தூங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் உட்காரவில்லை.

"என்னம்மா, கை சில்லுன்னு இருக்கு? அனுமதிதான் கிடைச்சாச்சே!"

"அத்தை, நான் ஒண்ணு கேப்பேன். கோவப்படக் கூடாது."

"கேட்டாத்தானே தெரியும், கோவமா இல்லையான்னு."

"முதல் நாள்ல இருந்தே கேக்கணும்னு இருக்கேன். வீட்டையும் குடுத்துட்டு வேலையும் பாருங்கன்னு எப்படிக் கேக்கறதுன்னு வாயை மூடிக்கிட்டேன். உங்க பையனும் வேண்டாம்னார்."

"அவன் எதைத்தான் வேணும்னான்? விஷயத்துக்கு வா."

 உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அந்தப் பொறுப்புல உங்க பேரைப் போடலாமா? கட்டடத்துக்கு மட்டும் இல்ல அத்தை. சம்பளம் வாங்கிக்கிட்டு, உங்களுக்குன்னு ஒரு மேஜை போட்டுக்கிட்டு, என்னையும் சேர்த்து எங்க எல்லாரையும் நடத்துங்க. எங்க ஆபீஸுக்கு வேலைக்கு வருவீங்களா?"