சந்தனம் பூசிய கியர்பாக்ஸ்

நாவலூர் அலுவலகத்தில் ஏசிக் குளிரில் உட்கார்ந்துகொண்டு, செங்கல்பட்டுக்கு அப்பால் ஓடும் ஒரு சிமென்ட் மில்லின் கியர்பாக்ஸுக்கு நாடி பார்ப்பதுதான் உதயாவின் வேலை. பெட்டியின்மேல் ஒட்டியிருக்கும் சென்சார் அதிர்வை அனுப்பும். திரையில் கோடு ஏறும், இறங்கும். பார்க்கலாம், சொல்லலாம். நிறுத்தும் அதிகாரம் மட்டும் அங்கே இருக்கும் மேனேஜர் ஏகநாதனுக்கு.

ஆயுத பூஜை முடிந்து மில் ஓடத் தொடங்கியதும் கோடு குத்துக்குத்தாக எழும்பியது. சுற்றுக்கு ஒரு குத்து. உள்ளே பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருக்கிறது. இப்போதே நிறுத்தினால் ஒரு சக்கரத்தோடு போகும். ஓடவிட்டால் பெட்டியே நாசம். புதிது வரும்வரை காண்ட்ராக்ட் ஆட்களுக்கு வேலை கிடையாது. அவர்களில் ஒருவன் பொழிச்சலூர்ச் சித்தி மகன் வினோத்குமார். கெஞ்சிக் கூத்தாடி அவனை அங்கே சேர்த்துவிட்டதே உதயாதான்.

உதயா போன் போட்டான். "சார், மில்லை நிறுத்துங்க. பல்லு போயிருக்கு."

ஏகநாதன் சிரித்தார். "போன வருஷமும் பூஜை முடிஞ்ச கையோட இதையேதான் சொன்னீங்க. பிரிச்சுப் பாத்தா பல்லு முத்து மாதிரி இருந்துச்சு. சென்சாரைக் கழட்டி, சந்தனம் பூசி, அது மேலயே திரும்ப ஒட்டியிருந்தாங்க. ஞாபகம் இருக்கா?"

இல்லாமல் என்ன? அன்று வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமா நஞ்சமா?

"அது சென்சார் ஆடின ஆட்டம் சார். இது வேற."

"வாசல்ல லாரிங்க நிக்குது உதயா. தொடச்சு ஒட்டச் சொல்றேன்."

துடைக்கப் போனது வினோத்குமார். மில் இரைச்சலுக்கு மேல் போனில் கத்தினான். "அண்ணா, சந்தனத்தை சுத்தமா வழிச்சு ஒட்டிட்டேன். இப்போ எப்டி கீது?"

கோடு இறங்கிவிடாதா என்று உதயா ஏங்கினான். மறுபடி திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, நான் சொன்னது பொய்யாகட்டும். கோடு முன்னைவிட உயரமாக எழுந்தது.

"பல்லுதான்டா. சார்கிட்ட சொல்லு."

"சொல்ட்டேன் அண்ணா. இன்னொரு வாட்டி தொடைக்கச் சொல்றாரு. நான் இன்னா பண்ணட்டும்?"

உதயா ஏகநாதனைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். அவர் எடுக்கவில்லை.

மதியம் கோடு சட்டென்று தரையோடு படுத்தது. பக்கத்து மேசை சுஜி எட்டிப் பார்த்தாள். "அப்பாடா, சரியாயிடுச்சு போல."

சரியாகவில்லை, மில்லே நின்றுவிட்டது என்று உதயாவுக்குத் தெரியும். 

போன் அடித்தது. "அண்ணா, உள்ள பூரா நொறுங்கிப்போச்சு. எல்லாரையும் வூட்டுக்குப் போவ சொல்ட்டாங்கோ." வினோத்குமாரின் குரல் இறங்கியது. "நான் சரியா தொடைக்கலன்னு சார் எம்மேல போடறாரு. நல்லாத்தான் தொடச்சேன். நீ ஒரு வார்த்த சொல்லேன் அண்ணா. நீ சொன்னா கேப்பாரு."

"சொல்றேன்டா," என்றான் உதயா.