பியானோவில் கேட்காத பாதி

சின்னண்ணன் ரிக் வண்டியில் ட்ரில்லராக இருந்தவர். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் வண்டியோடு மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போய், ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு தோண்டி, மழைக்காலத்தில் மட்டும் வீடு திரும்புவார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, விளையும் காட்டின் நடுவே இருந்த வீட்டையும், மாடுகளையும், மகள் மதுமதியின் படிப்பையும் கல்யாணத்தையும் அவர் மனைவி சௌந்திரம்தான் தனியாகப் பார்த்துக்கொண்டாள்.

ஐம்பதைத் தாண்டியதும் அவர் வேலையை விட்டுவிட்டு வந்தார். முதுகு வலி என்று முதலாளியிடம் சொன்னார். உண்மையான காரணம் காது. ரிக் வண்டியின் கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. ஆண்டுக்கணக்கில் அதற்கு அருகிலேயே நின்றதில், வண்டியை நிறுத்திய பிறகும் அவர் காதுக்குள் ஒரு விசில் நிற்காமல் ஊதிக்கொண்டிருந்தது. வண்டிச் சத்தத்தில் அது அவ்வளவாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அதன் முழு பலமும் தெரிந்தது. மத்தியான வேளையில் காடு அடங்கிக் கிடக்கும்போது, அந்த விசில் தலை முழுவதும் நிறைந்து நின்றது. அமைதிக்காக வீடு வந்தவருக்கு அமைதியே ஆகாமல் போயிற்று. சோற்றில் கை வைத்தபடி திடீரென்று எழுந்து போவார். காரணம் இல்லாமல் மாட்டைத் திட்டுவார்.

யாரிடமும் சொல்லாமல் சேலத்துக்குப் போய்க் காது பரிசோதனை செய்யும் மைதிலி என்ற பெண்ணைப் பார்த்தார். அவள் அவரைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்துச் சத்தங்களைக் கேட்கச் செய்தாள். பிறகு ஒரு படத்தைக் காட்டி விளக்கினாள். கனத்த சத்தங்கள் ஓரளவு கேட்கின்றன, மெல்லிய கீச்சுச் சத்தங்கள் போய்விட்டன, போனது திரும்பாது, கருவி மாட்டிக்கொண்டால் மீதியைக் காப்பாற்றிப் பயன்படுத்தலாம் என்றாள். கருவி என்றதும் அவர் எழுந்துவிட்டார். காதில் அதை மாட்டிக்கொண்டு ஊருக்குள் போனால் செவிடன் என்று பேர் வைத்துவிடுவார்கள் என்பது அவர் பயம். அவள் வற்புறுத்தவில்லை. வார்த்தை இல்லாத மெதுவான இசை ஏதாவது வீட்டில் தாழ்வாக ஓடட்டும், விசில் கொஞ்சம் பின்வாங்கும் என்று சொல்லி, அவர் போனிலேயே பியானோ இசையைத் தேடி எடுத்து வைத்துக் கொடுத்தாள். இயர்போனைக் காதுக்குள் சொருகிக் கேட்காதீர்கள் என்றும் சொன்னாள். அதை மட்டும் அவர் கேட்கவில்லை.

அவர் பியானோவை நேரில் பார்த்ததில்லை. திருவிழாக் கச்சேரியில் கீபோர்டு பார்த்திருக்கிறார். யாரோ வெள்ளைக்காரர் எப்போதோ எழுதி வைத்த இசை இது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனால் கேட்கக் கேட்க ஒன்று பிடிபட்டது. ஒரு கட்டையை அழுத்தினால் சத்தம் எழுகிறது. எழுந்த உடனேயே தேயத் தொடங்குகிறது. அது முற்றிலும் தேயும்வரை மனம் அதன் பின்னாலேயே போகிறது. அது போய்ச் சேருவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. கம்ப்ரசர் சத்தம் ஒருநாளும் தேய்ந்ததில்லை. ஓடும், இல்லையென்றால் நிற்கும். ஒரு சத்தம் தானாகவே ஓய்ந்து போவதைக் கேட்டுக்கொண்டிருப்பது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

சௌந்திரத்துக்கு இது எதுவும் தெரியாது. காது அடைத்த மாதிரி இருக்கிறது, டாக்டர் பாட்டுக் கேட்கச் சொன்னார் என்று மட்டும் சொல்லியிருந்தார். அவள் பேச வந்தால் அவர் காதில் ஒயர் தொங்கும், கண் மூடியிருக்கும். இத்தனை வருடம் ஊர் ஊராகப் போன மனிதர் வீட்டுக்கு வந்த பிறகும் வரவில்லை என்று மகளிடம் போனில் குறைப்பட்டாள்.

ஒரு பிற்பகலில் அவள் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி அருகே பாசியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு உடைந்தது. எழ முடியாமல் அவரைக் கூப்பிட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். அடுத்த காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த வள்ளியாத்தாளுக்குக் கேட்டது. அவள்தான் ஓடிவந்து தூக்கி உட்கார வைத்துவிட்டு, முன்னறைக்குப் போய் சின்னண்ணனின் தோளைத் தட்டினாள். அவர் கண்ணைத் திறந்தபோது அவள் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அழைத்து வந்த அன்றே அவர் ஒயரைச் சுருட்டிப் பரண்மேல் எறிந்தார். அடுப்புப் பற்றவைத்தார், பால் கறந்தார், அவளுக்குத் தலை சீவிவிட்டார். இசை இல்லாத வீட்டில் விசில் பழையபடி ஏறிக்கொண்டது. ஒருநாள் அவர் அடுப்படியில் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நிற்பதைச் சௌந்திரம் பார்த்துவிட்டாள். என்னவென்று கேட்டாள். மழுப்பப் பார்த்தார். அவள் நகரவில்லை. அப்போதுதான் விசிலைப் பற்றியும், மைதிலி காட்டிய படத்தைப் பற்றியும், கருவி வேண்டாம் என்று எழுந்து வந்ததைப் பற்றியும் எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பரணைப் பார்த்தாள். பிறகு, "அந்தப் பாட்ட எனக்குங் கேக்கறாப்பல வெய்யுங்க. என்னதான் இருக்குதுன்னு நானும் பாக்கறனுங்க" என்றாள்.

சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கி வந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முன்னறையில் அதை வைத்தார்கள். கையில் கட்டுப் போட்டிருந்ததால் சௌந்திரத்தால் எந்த வேலையும் செய்ய முடியவில்லை. வெறுமனே உட்கார்ந்திருப்பது அவள் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. முதல் நாள் தூங்கிப்போனாள். அடுத்த நாள் நடுவில் நகைக்கடன் விளம்பரம் குறுக்கே பாய்ந்ததும் விழித்துச் சிரித்தாள். பிறகு மெல்ல மெல்லக் கேட்கத் தொடங்கினாள்.

ஒருநாள் கேட்டுக்கொண்டே இருந்தவள் சொன்னாள்: "கீழ ஒருத்தரு பைய நடந்து போறாருங்க. மேல ஒரு புள்ள முன்னாலயும் பின்னாலயும் ஓடிக்கிட்டே வருது."

"எந்தப் புள்ள?"

"அந்தச் சன்னச் சத்தந்தானுங்க. இதா, இப்பக்கூட வருதே. உங்களுக்குக் கேக்கலீங்களா?"

அவர் போனை எடுத்து அதே இடத்தை மறுபடியும் ஓடவிட்டார். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குனிந்தார். நடப்பவரின் சத்தம் வந்தது. ஒவ்வோர் அடியும் தெளிவாகக் கேட்டது. பிள்ளை ஓடுவதாக அவள் சொன்ன இடத்தில் அவர் காதில் விசில் மட்டுமே இருந்தது. இத்தனை நாளும் பாதியைத்தான் முழுசு என்று நினைத்துக் கேட்டிருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது. மைதிலி காட்டிய படத்தில் அன்று வெறும் கோடுதான் தெரிந்தது. இப்போது அதற்கு ஓர் உருவம் வந்துவிட்டது. தொட்டியடியில் அவள் கூப்பிட்ட குரலும் அந்தப் பாதியில்தான் போயிருக்குமோ என்று நினைத்தார். அன்று காதில் ஒயரும் இருந்தது, காதும் சரியில்லை. எதன் மேல் பழி போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"சேலம் போயிட்டு வரலாம் அம்மிணி" என்றார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

அவளுக்குக் கட்டுப் பிரித்த வாரத்தில் இருவரும் பஸ் ஏறினார்கள். மைதிலி கருவியைக் காதுக்குப் பின்னால் பொருத்தி, முதல் சில வாரம் எல்லாமே கரடுமுரடாகத்தான் இருக்கும், அவசரப்பட்டுக் கழற்றிவிடாதீர்கள் என்றாள். விசில் முற்றிலும் போகாது என்பதையும் மறைக்கவில்லை. அவள் சொன்னபடியேதான் ஆயிற்று. பஸ் ஹாரனும், கண்டக்டர் பையில் சில்லறை குலுங்குவதும் அவர் மண்டைக்குள் இறங்கின. இரண்டு தரம் கை காதுக்குப் போயிற்று. சௌந்திரம் பார்த்துக்கொண்டிருந்ததால் இறக்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஸ்பீக்கரை எடுத்து வைத்தார். ஓடும் பிள்ளையைக் கேட்க வேண்டும் என்ற ஆசையை பஸ்ஸில் வரும்போதே அவர் முகத்தில் பார்க்க முடிந்தது. மேல் கட்டைகளின் சன்னச் சத்தங்கள் கேட்டன. கேட்காத இடமே இல்லை. ஆனால் ஈயப் பாத்திரத்தில் கரண்டியால் தட்டியது போலக் கேட்டது. எங்கேயும் பிள்ளை இல்லை. அவருக்கு ஏமாற்றம் தாங்கவில்லை.

அடுப்படியிலிருந்து வந்த சௌந்திரம் அவர் எதிரில் நின்று, "எப்புடி இருக்குதுங்க?" என்று கேட்டாள்.

அவர் அதிர்ந்து பின்னால் சாய்ந்தார். "ஏன் அம்மிணி இப்புடிக் கத்தற?"

"நான் எங்கீங்க கத்தறேன்?"

சொல்லி முடிக்கும்போதே அவளுக்கு உறைத்தது. கத்திக்கொண்டுதான் இருந்தாள். மழைக்காலத்துக்கு வீடு வரும் மனிதருக்கு ஒரு தரம் சொன்னால் கேட்பதில்லை என்று எப்போது குரலை உயர்த்தத் தொடங்கினாள் என்று அவளுக்கே நினைவில்லை. போனிலும் அப்படியே, மகளிடமும் அப்படியே. புருசனும் பொண்டாட்டியும் எந்நேரமும் சண்டை என்று அக்கம்பக்கத்தில் பேச்சு இருந்ததற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

"இப்பக் கேக்குதுங்களா?" என்றாள், குரலை இறக்கி.

"கேக்குது. இன்னுங் கொஞ்சம் கொறச்சாலுங் கேக்கும்."

அவள் முயன்றாள். குரல் ஒரு தரம் காற்றாகிவிட்டது, மறு தரம் பழையபடி உயர்ந்தது. தனக்கென்று ஒரு சாதாரணக் குரல் இருந்ததா, அது எப்படி இருந்தது என்று தேடுகிறவள் போலச் சிரித்துக்கொண்டே, மாடு கன்று போடும் நாள் நெருங்கிவிட்டது, கிழங்கு வெட்ட ஆள் சொல்ல வேண்டும், மதுமதி ஞாயிற்றுக்கிழமை வருகிறாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். சின்னண்ணன் கை நீட்டி பியானோவை நிறுத்தினார். காதில் விசில் இருந்தது. அதையும் தாண்டி, அதைவிடத் தணிந்து, அவள் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.