காய ஐந்தேகால் மணி நேரம்

வாரத்துக்கு எத்தனை தடவை தலைக்குக் குளிப்பது என்ற கேள்விக்கு அவளைச் சுற்றி மூன்று பதில்கள் இருந்தன. தினமும் என்றான் கணவன். வாரம் ஒரு முறைக்கு மேல் கூடாது என்றாள் அழகு நிலையம் வைத்திருந்த நாத்தனார். ஒன்றுவிட்டு ஒரு நாள் குளிக்கலாம், ஆனால் ஈரத்தோடு கட்டவே கூடாது என்றார் தோல் மருத்துவர். மூன்று பேருக்குமே தோளைத் தாண்டி முடி இல்லை.

அவளுக்குத் தொடை வரைக்கும் இருந்தது. அடர்த்தியான, சுருளாத முடி. மீனைச் சுத்தம் செய்து, துண்டு போட்டு, ஐஸ் வைத்துப் பெட்டியில் அடுக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் இரண்டு மணிக்குத்தான் வெளியே வருவாள். சடையைச் சுற்றிக் கொண்டை போட்டு, அதன்மேல் வலைத்தொப்பி, அதன்மேல் பிளாஸ்டிக் தொப்பி. கூடத்தில் அவளை எல்லோரும் ‘சடை’ என்றே கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டில் மட்டும்தான் அவளுக்கு வேறு பெயர்.

இரண்டு தொப்பிகளையும் தாண்டி மீன் வாடை எப்படியோ முடிக்குள் போய்விடும். உடம்பில் ஒட்டியது ஒரு சோப்புக் குளியலில் போய்விடும். முடியில் ஏறியது போகாது. சரி, தினமும் அலசலாம் என்றால் காய வைக்க நேரம் எங்கே? சமையல் வேலையெல்லாம் முடித்துச் சாயங்காலம் அலசினால் தூங்கப் போகும்போது பின்கழுத்து இன்னும் ஈரமாக இருக்கும். விடியற்காலையில் அலசினால் ஈரத்தோடு கூடத்து ஐஸ் குளிரில் போய் நிற்க வேண்டும். பத்து மணிக்கெல்லாம் நெற்றிக்குள் யாரோ ஆணி அடிப்பதுபோல் இருக்கும். தலையில் நீர் கோத்து, மூக்கடைத்து, சிவந்த கண்ணோடு மூன்று நாள் திரிவாள். உச்சந்தலையில் படை மாதிரி வந்து மருத்துவரிடம் போனதும் இதனால்தான்.

வீட்டில் டிரையர் இல்லாமல் இல்லை. நாத்தனார் தன் கடையில் பழசானதைக் கொடுத்திருந்தாள். அதைப் போட்டால் பத்தாவது நிமிடம் வீடு முழுக்கக் கரண்ட் போய்விடும். கணவன் எலக்ட்ரீஷியன். ஊரில் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் வயரிங் செய்கிறவன். “நம்ம வீட்டு லைன் பழசு. ஒரு நாள் உக்காந்து மாத்திடறேன்” என்று அவன் சொல்லத் தொடங்கி இரண்டு வருடமாகிவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் நான்கு மணிக்கே எழுந்து தலைக்குக் குளித்தாள். முந்தின நாள் முழுக்க மத்தி மீன். வீடு திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் இரண்டாவது நிறுத்தத்திலேயே எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அவமானம் ராத்திரி முழுக்க நெஞ்சை அறுத்தது. துண்டால் அடித்து, உதறி, ஜன்னலோரம் நின்று பார்த்தாள். ஐந்தரை ஆகிவிட்டது. அள்ளி முடிந்துகொண்டு ஓடினாள்.

ஈர முடியின் கனத்தில் கொண்டை சரிந்துகொண்டே இருந்தது. கையுறை போட்ட கையால் தொப்பியைத் தொடக் கூடாது என்பது கூடத்து விதி. தோளால் தள்ளித் தள்ளி ஏற்றிவிட்டாள். பதினொரு மணிக்குத் தரம் பார்க்கும் பெண் ஒரு பெட்டியைத் திறந்தாள். ஐஸுக்கும் மீனுக்கும் நடுவிலிருந்து இடுக்கியால் ஒரு முடியை இழுத்தாள். அது வந்துகொண்டே இருந்தது. இரண்டு முழம் இருக்கும்.

யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

காலையிலிருந்து அடைத்த இருநூற்றுப் பத்துப் பெட்டிகளையும் திறந்து பார்க்கச் சொன்னார் சூப்பர்வைசர். பதினான்கு பெண்கள் நாலரை மணி வரைக்கும் நின்றார்கள். ஒருத்தி பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர ஆள் தேடி யார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் சடையைத் திட்டவில்லை. பேசவும் இல்லை. இன்னொரு முடி கிடைக்கவும் இல்லை.

வெளியே வரும்போது சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

“ஏம்மா, இவ்வளவு முடிய வச்சுக்கிட்டு எதுக்கு இந்தப் பாடு? கழுத்தளவுக்கு வெட்டிடுங்க. உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.”

“வெட்டணும்னு எனக்குத் தோணுறப்ப வெட்டிக்கறேன் சார்.”

“இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்களைப் பெட்டி கழுவுற பக்கம் மாத்திடுவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது.”

வீட்டுக்கு வந்தால் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “நான் அன்னைக்கே சொன்னேன். சும்மா சும்மா அலசினா வேர் தளர்ந்து கொட்டத்தான் செய்யும். வாரத்துக்கு ஒன்னு போதும்” என்றாள்.

“வாரத்துக்கு ஒன்னா? பக்கத்துல படுக்கிறது நான்க்கா” என்றான் கணவன். “தினம் குளிச்சா என்ன? இந்த முடியப் பாத்துத்தானே எல்லாரும் ‘உன் பொண்டாட்டிக்கு என்ன முடிடா’ங்கறாங்க. அத நல்லா வச்சுக்க வேணாமா?”

அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் கத்தவில்லை. கத்தும் தெம்பு இல்லை.

“அண்ணி, நீங்க வாரம் ஒன்னுங்கறீங்க. இவரு தினமும்ங்கறாரு. டாக்டர் காய வச்சுக் கட்டுங்கறாரு. காய எவ்வளவு நேரம் ஆகும்னு உங்கள்ல ஒருத்தருக்காவது தெரியுமா?”

“ஒரு மணி நேரம் ஆகுமா?” என்றான் கணவன்.

“ஞாயித்துக்கிழமை வேலை எதுவும் ஒத்துக்காதீங்க” என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு அவள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். வீட்டு முன்னறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, டிரையரைக் கணவன் கையில் கொடுத்தாள். “காய வைங்க.” எட்டு வயது மகள் சீப்பை வைத்துக்கொண்டு எதிரே சம்மணம் போட்டாள்.

முதலில் அவன் சிரித்துக்கொண்டே செய்தான். மேலே காய்ந்தது, உள்ளே கையை விட்டால் சொத சொதவென்று இருந்தது. பத்தாவது நிமிடம் கரண்ட் போயிற்று. போய்ப் போட்டுவிட்டு வந்தான். மறுபடி போயிற்று. நுனியைத் தூக்கிப் பிடித்ததில் தோள்பட்டை இழுத்தது. கையை மாற்றினான். சிக்கில் டிரையர் மாட்டி அவள் “ஆ” என்றாள். “தெரியாமப் பட்டுடுச்சு” என்றான். மூன்றாவது தடவை கரண்ட் போனபோது மகள், “அப்பா, நீங்க எலக்ட்ரீஷியன்தானே?” என்று கேட்டாள்.

அவன் டிரையரை வைத்துவிட்டு ஏணியை எடுக்கப் போனான். அன்று முழுவதும் சுவரைக் கொத்திக்கொண்டிருந்தான். அவள் முடியை நாற்காலி முதுகில் விரித்துப் போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சமையல் இல்லை. கடையில் வாங்கிய ரொட்டியைத் தின்றார்கள். அரை மணிக்கு ஒரு முறை பின்கழுத்தில் விரலை விட்டுப் பார்த்தாள். முழுக்கக் காய்ந்தபோது மணி பன்னிரண்டே முக்கால்.

“ஐந்தேகால் மணி நேரம்” என்று சுண்ணாம்புத் தூசிக்குள் நின்றிருந்த கணவனிடம் சொன்னாள்.

“அவ்வளவா?” என்றான் அவன். உளியைக் கீழே வைத்துவிட்டு, “இத ஏன் முன்னாடியே சொல்லல?” என்று கேட்டான். எத்தனை தடவை சொன்னோம் என்று அவளுக்கே கணக்கு இல்லை. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

புது லைன் வந்த பிறகு கரண்ட் போகவில்லை. ஆனால் டிரையர் வைத்தாலும் இரண்டு மணி நேரம் ஆயிற்று. நுனி வைக்கோலாகிவிட்டது. ஆக, காலை ஷிஃப்டுக்கு முன்னால் தலைக்குக் குளிப்பது என்ற பேச்சே இல்லை என்று முடிவு செய்தாள். ஞாயிறு உறுதி. வாரத்தின் நடுவில் இன்னொரு நாள் வேண்டும். அதற்கு ஒரு நாள் மட்டும் மதிய ஷிஃப்ட் கிடைக்க வேண்டும்.

கேட்ட உடனே சூப்பர்வைசர் முடியாது என்று தலையை ஆட்டினார். “தலை காய வைக்கறதுக்கெல்லாம் ஷிஃப்ட் மாத்தினா நாளைக்கு நகம் வெட்டணும்னு ஒருத்தி வருவா.”

இரண்டு நாள் அவள் தலை நிமிராமல் மீன் வெட்டினாள். மூன்றாம் நாள், எடை பார்க்கும் கண்ணாடி அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். குளிரில் கண்ணாடி சதா பனி பூத்துக் கிடப்பதால் வந்த பெயர். மதிய ஷிஃப்ட்காரி. அன்று இரண்டு பேர் வராததால் காலையிலேயே வந்திருந்தாள்.

“புதன்கிழமை மத்தியானம் வேணுமாமே? நான் தரேன். உன் காலைய எனக்குக் குடு.”

“உங்களுக்கு எதுக்குக்கா? அன்னைக்கு என்னால, மத்தியானம் வந்த உங்களுக்கும்தான் பெட்டி திறக்கற வேலை.”

“அது அது போச்சு. எங்க வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில கால் பயிற்சி, புதன் சாயங்காலம். இத்தனை நாளா பக்கத்து வீட்டுப் பையன் தயவுல போய்ட்டு வராரு. நானும் சார்கிட்டக் கேட்டு அலுத்துட்டேன். ரெண்டு பேரா போய் நிப்போம். என்ன சொல்றாரு பாப்போம்.”

இரண்டு பேராகப் போய் நின்றார்கள். அவர் நிமிர்ந்து கண்ணாடி அக்காவைப் பார்த்தார், சடையைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். கால் பயிற்சிக்காகத்தான் போட்டார் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அது உறுத்தியது. இருந்தாலும் தாளை வாங்கிக்கொண்டாள்.

இப்போது புதனும் ஞாயிறும். இரண்டு நாளும் முடி பின்கழுத்து வரை காய்ந்த பிறகுதான் சீப்பைத் தொடுவாள். உதிர்வதெல்லாம் வீட்டிலேயே உதிர்ந்துவிடுகிறது. தலைவலி போய்விட்டது, படையும் ஆறிவிட்டது. நாத்தனாருக்கு இது அதிகம். கணவனுக்கு இது குறைச்சல், ஆனால் வாயைத் திறப்பதில்லை. மருத்துவர் கேட்டுவிட்டு, “ம், பரவாயில்லை” என்றார்.

வெள்ளிக்கிழமையே மோசமாகிவிடும். ஞாயிறு வர இன்னும் இரண்டு நாள் இருக்கும். போன வாரம் வெள்ளிக்கிழமை மகள் வீட்டுப்பாட நோட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தவள், மூக்கைச் சுருக்கினாள்.

“அம்மா, உன் தலை மீனு மாதிரி நாறுது.”

“தெரியும்.”

“குளிக்கலாம்ல?”

“ஞாயித்துக்கிழமை குளிப்பேன்” என்றாள் அவள். “அதுவரைக்கும் வேணும்னா தள்ளி உக்காந்துக்கோ.”

மகள் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து பெருக்கல் கணக்கைப் போடத் தொடங்கினாள்.