மடுத்தீனின் வான் சொன்ன கம்பனி வரலாறு

பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் மரக்கறி இறக்கும் மடுத்தீனின் பழைய ஜப்பான் வான், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தன்னைச் செய்த கம்பனியின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கியது. யாழ்ப்பாணத் தமிழில், எஞ்சினுக்குள்ளிருந்து, தெளிவாகச் சொன்னது. அன்று முருங்கைக்காய் வரத்துக் குறைவு. கடைக்காரர்கள் அதைப் பற்றித்தான் கூடுதலாகக் கதைத்தார்கள். கப்பல் பட்டறையாகத் தொடங்கிய கம்பனி லொறி செய்தது, டீசல் எஞ்சின் செய்தது. உலகப் போர் வந்த இடத்தில் "சில கடினமான வருசங்கள்" என்று வான் ஒருதரம் இருமியது. இருமல் முடிந்தபோது கம்பனி பள்ளிக்கூட பஸ்களும் மீன்பிடிப் படகு எஞ்சின்களும் செய்து ஏற்றுமதி விருது வாங்கிக்கொண்டிருந்தது. திறப்பைக் கழற்றி எஞ்சினை நிறுத்தினாலும் பேச்சு நிற்கவில்லை. வாகனப் பரிசோதகர் எரிக், புகை கூடிவிட்டதால் மாத முடிவோடு வான் பாரிசுக்குள் ஓடக்கூடாது என்றார். பேசுவதற்குத் தடையில்லையாம்.

மூன்று தரம் உடைந்த ஒரு தமிழ்ச் சங்கத்தின் தலைவர் கரிகாலனுக்கு அந்த இருமல் மிகவும் பிடித்துக்கொண்டது. தங்கள் சங்கத்தின் வரலாற்றையும் இப்படியே சொல்லித்தர வேண்டுமென்று, பாரிசுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் நடந்த ஆண்டுவிழாவுக்கு வானை அழைத்தார். மண்டபத்துக்குள் தள்ளிக்கொண்டுபோய், முன்கண்ணாடிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வான் மாதிரிக்கு முதலில் தன் கம்பனியின் கதையைச் சொன்னது. இருமியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

மடுத்தீனின் மனைவி தில்லைநாயகி மட்டும் தட்டவில்லை. அவள் வன்னியில் பிறந்தவள். கடைசிச் சண்டையில் அவளுடைய தம்பியைப் பிடித்து ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யார் ஏற்றியது என்று அந்தச் சங்கத்தில் கேட்பது வழக்கமில்லை. அவள் எழுந்து வானிடம் கேட்டாள்:

"அந்த வருசங்களில என்ன செய்தனீங்கள்?"

வான் தாழ்ந்த குரலில் சொன்னது: "லொறி செய்தனாங்கள். ஆரை ஏத்தப் போகினம் எண்டு கேக்கேல்லை."

அதன்பின் அது இருமாமல் சொல்லிக்கொண்டே போனது. பட்டறைக்குப் பிடித்துவரப்பட்ட பிள்ளைகள், லொறிகள் போன ஊர்கள், அவற்றில் போய்த் திரும்பாதவர்கள். கரிகாலன் மைக்கை நிறுத்தச் சொன்னார். வான் மைக்கில் பேசவில்லை. சனம் ரோல்ஸ் சாப்பிடப் போய்விட்டது. தில்லைநாயகி முன்சீற்றில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"என்ர தம்பியையும் லொறியிலதான் ஏத்தினவை."

"பேர் என்ன?" என்றது வான்.

பிரான்சுக்கு வந்த பிறகு அவளிடம் ஒருவரும் அதைக் கேட்டதில்லை, மடுத்தீன் உட்பட. அவள் பெயரைச் சொன்னாள், பிறகு மற்றதையெல்லாம் சொன்னாள். வெளியே நின்று கேட்ட மடுத்தீன் கொஞ்ச நேரத்தில் மற்றக் கதவைத் திறந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

இப்போது மரக்கறிக்கு மின்சார வான் வந்துவிட்டது. பழையது லா சப்பலில் ஒரு கடையின் பின்முற்றத்தில் நிற்கிறது. வரலாறு சொல்வதை விட்டுவிட்டது; ஏறி இருப்பவரிடம் திரும்பாதவரின் பெயரைக் கேட்கும், பிறகு கேட்டுக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சனம் சாமான் பைகளோடு வரிசையில் நிற்கும். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு கரிகாலனும் வருவார், ஆகக் கூடிய நேரம் எடுப்பவர் அவர்தான். மழை என்றால் வரிசை பக்கத்து நகைக்கடைக்குள் ஒதுங்கும். நகைக்கடைக்காரர் கதிரைகள் போட்டிருக்கிறார்.